அவசரத்தின் வீட்டுக் கதவு

முன்பு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு இரண்டு கால்கள். பெயர் குற்றாலிங்கம். தென்காசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில், கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது அந்த ஊரின் தொழில்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண மனிதர். கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் தொப்பை, காதோரம் நரை. உள்ளே போய்ப் பார்த்தால்தான் அது எத்தனை நெரிசலான ஊர் என்று தெரியும்.

ஊரின் உச்சியில், மூளையின் அடித்தளத்தில், ஒரு சின்ன வீட்டில் அவசரம் குடியிருந்தாள். ஆள் துளியூண்டுதான். கண்ணோ காதோ ‘ஆபத்து’ என்று சேதி சொன்னால், உடனே ‘ஐயோ’ என்று ஒரு சத்தம் போடுவது அவள் வேலை. அவள் வீட்டிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கியது. சத்தம் அதன் வழியாகப் போகும். பதில் அதன் வழியாக வராது. ஒருவழிப் பாதை.

குழாயின் அடியில், ஒரு காம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார் பட்டாணி அண்ணாச்சி. உருவமும் பட்டாணி அளவுதான். ஆனால் கழுத்தில் ஒரு விசில். அவசரம் கத்தினால் அவர் ஊதுவார். அந்த விசில் சத்தம் ரத்தத்தோடு ஓடி இறங்கி, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போலக் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் தொப்பி மாமாவை எழுப்பும். மாமா பட்டறையைத் திறந்து முடுக்கன்களை அனுப்புவார்.

முடுக்கன்களுக்கெல்லாம் ஒரே முகம், ஒரே பெயர். வேலையும் ஒன்றுதான். கல்லீரல் என்ற சேமிப்புக் கிட்டங்கியைத் திறந்து சர்க்கரையைத் தெருவில் விட வேண்டும். இரைப்பையைக் கடை சாத்தச் சொல்ல வேண்டும். மேளக்காரரிடம் போய் (இதயத்தை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ‘கொஞ்சம் வேகமா வாசிங்க’ என்று சொல்ல வேண்டும். தூக்கம் வந்தால் ஊர் எல்லையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குக் கிளம்பும் எந்த முடுக்கனும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டான். ‘போயிட்டு வாரேன்’ என்பான். அது வாய் வார்த்தை இல்லை. வேலையை முடித்தவன் உச்சிக்கு ஏறி, அவசரத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, “வந்துட்டேன்க்கா, போதும்” என்று சொல்ல வேண்டும். அவன் சொன்னால்தான் அவள் வாயை மூடுவாள். அவள் மூடினால் அண்ணாச்சியின் விசில் நிற்கும். மாமா பட்டறையைச் சாத்துவார். சொல்லிவிட்டு வந்த முடுக்கன் கல்லீரல் ஓடையில் இறங்கி நிம்மதியாகக் கரைந்துபோவான். சொல்லாதவனுக்குக் கரைய மனசு வராது.

இப்படித்தான் அந்த ஊர் பல காலம் பிழைத்து வந்தது.

ஒரு நாள் ஞானசௌந்தரி டீச்சர் வண்டி ஓட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கார் ஓட்டியே தீருவது என்று வந்து சேர்ந்தவர் அவர். மேலகரம் ரோட்டில் ஓர் ஆட்டுக்கூட்டம் குறுக்கே இறங்கியது.

“டீச்சர், ஆடு.”

“பாத்துட்டேன் சார்.”

“பாத்தா போதாது டீச்சர், பிரேக்கு!”

“ஹாரன் அடிக்கேன்லா. அதுக விலகிரும்.”

“அதுகளுக்கு ஹாரன் தெரியாது டீச்சர்!”

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. குற்றாலிங்கத்தின் வலது கால் அதை ஓங்கி மிதித்தது. கார் குலுங்கி நின்றது. ஓர் ஆடு பானெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காத மாதிரி நகர்ந்து போனது.

உள்ளே அதற்குள் களேபரம்.

“ஐயோ! அண்ணாச்சி! ஆடு!” என்றாள் அவசரம்.

“எத்தனை ஆடு?” என்று அண்ணாச்சி பழக்க தோஷத்தில் கேட்டார். குழாய்தான் ஒருவழியாயிற்றே. பதில் வராது என்று தெரிந்து விசிலை எடுத்து ஊதினார்.

“மனுசனை ஒரு வாய் டீ குடிக்க விடுதாளா பாரு” என்று முனகிக்கொண்டே தொப்பி மாமா பட்டறையைத் திறந்தார். ஒரு முடுக்கன் வெளியே வந்தான்.

“போயிட்டு வாரேன் மாமா.”

“பாத்துப் போ.”

முடுக்கன் மெதுவான ஆள். அவன் கிட்டங்கியைத் திறந்து, கடையைச் சாத்தச் சொல்லி, மேளக்காரரைப் பார்த்து முடிப்பதற்குள் ஆடுகள் மேலகரத்தைத் தாண்டி மேயவே ஆரம்பித்துவிட்டன. அது எப்போதும் அப்படித்தான். பிறகு அவன் உச்சிக்கு ஏறிக் கதவைத் தட்டினான்.

“வந்துட்டேன்க்கா, போதும்.”

“ஆடு?”

“ஆடு போயிட்டு. டீச்சர்தான் இன்னும் இருக்காவ.”

அவசரம் சிரித்தாள். ஊர் அடங்கியது.

இது நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், டிரைவிங் ஸ்கூலில் இன்னொரு பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார். அவரிடம் பழகிக்கொண்டிருந்தவர்களும் குற்றாலிங்கத்தின் தலையில் விழுந்தார்கள். காலையில் கிளட்சை விடாத ஒருவர். அவரை இறக்கிவிட்டால் கிளட்சை மிதிக்காத ஒருவர். மதியம், வளைவில் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பையன். சாயங்காலம் மறுபடி டீச்சர்.

அவசரத்துக்குக் கத்தி முடிக்க நேரமில்லை. கத்தி முடிப்பதற்குள் முந்தின கத்தலுக்குப் போனவன் வந்து கதவைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவள் வீட்டுக்குக் கதவுகளும் கொஞ்சமில்லை. நாலா பக்கமும் தட்டினார்கள்.

“வந்துட்டேன்க்கா.”

“கேட்டுட்டுடா.”

“வந்துட்டேன்க்கா, போதும்.”

“ஒருத்தன் சொன்னா பத்தாதா? ஒவ்வொருத்தனும் வந்து இடிக்கணுமா? என் காது என்ன உங்க அப்பன் வீட்டுச் சுவரா?”

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை வைத்து அடைத்தாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் இன்னொரு கதவு. அப்புறம் இன்னொன்று. கடைசியில் எல்லாக் கதவுகளுக்கும் சாக்கு வைத்து முடித்து, “அப்பாடா” என்று உட்கார்ந்தாள்.

என்ன ஒரு அமைதி! அவள் அதை ரசித்தாள்.

ரசிக்க ரசிக்க, அந்த அமைதியே அவளுக்கு ஒரு மாதிரியாகப் படத் தொடங்கியது.

‘அன்றைக்கு எதிரே வந்த லாரிக்கு ஒருத்தனை அனுப்பினோமே, அவன் வந்து சொல்லவில்லையே. நாய் குறுக்கே வந்ததற்கு ஒருவன் போனானே, அவனையும் காணோம். ஒருத்தன்கூடத் திரும்பவில்லை என்றால், கீழே என்ன நடக்கிறது?’

“அண்ணாச்சி!” என்று குழாயில் கத்தினாள். “போனவன் எவனும் வரலை! கீழே என்னமோ ஆயிட்டு! இன்னும் நாலு பேரை அனுப்பச் சொல்லும்!”

நாலு பேர் போனார்கள். அவர்களும் வந்து சொல்லவில்லை. அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். பட்டறையே காலியாகும் அளவுக்கு ஆட்கள் போனார்கள். ஒருவரும் வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, தெரு நிறைய நின்று, தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஊருக்கு ஆடும் தேவைப்படவில்லை, லாரியும் தேவைப்படவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால் குற்றாலிங்கத்தின் வலது கால் தரையை மிதித்தது. டிவியில் எவனோ பைக்கில் போனால் மிதித்தது. முடிவெட்டும் கடையில் கத்தரி காதுப் பக்கம் வந்தபோது மிதித்த மிதியில் நாற்காலி அரைவட்டம் சுற்றிக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். மனைவி பிரம்மசக்தி “என்ன செய்யுது?” என்று கேட்டால் நாய் மாதிரி வள்ளென்று விழுந்தார். அவளும் கேட்பதை விட்டுவிட்டு, நாலடி தள்ளியே நடமாடினாள்.

உள்ளே மேளக்காரர் ஒரு முடுக்கனைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏல, இன்னும் வேகமா வாசிக்கணுமா?”

“மேலேருந்து உத்தரவுண்ணே.”

“கல்யாணம் முடிஞ்சி, பந்தலும் பிரிச்சாச்சி, பாயாசப் பாத்திரமும் கழுவியாச்சி. இன்னமும் கெட்டிமேளம் வாசின்னா எவம்ல வாசிப்பான்? நேத்து ஒரு தாளம் விட்டுப்போச்சி. கவனிச்சியா?”

முடுக்கன் கவனித்திருந்தான். அந்த ஒரு தாளத்துக்கு ஊரே ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி நடந்தது.

“தூக்கம் வந்து கையைப் பிடிச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அவன் ஊர் எல்லையில பாயைச் சுருட்டிக்கிட்டு நிக்கான். இப்படியே போனா, கோலைக் கீழே வச்சிருவேன், பாத்துக்கோ.”

“வச்சிட்டா?”

“வச்சிட்டா அப்புறம் ஆடு வந்தா என்ன, லாரி வந்தா என்ன? பயப்படுததுக்கு ஊர் வேணும்லா.”

முடுக்கன்கள் எல்லோரும் ஊரைப் பயமுறுத்த வந்தவர்கள்தான். ஆனால் இவனுக்கும் அது ஊர்தானே. வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு உச்சிக்கு ஓடினான்.

தெரு திருவிழா மாதிரி இருந்தது.

“வரிசையில வாடே. நாங்கள்லாம் என்ன மண்ணாங்கட்டியா?”

“நீ எதுக்குப் போனவன்?”

“லாரிக்கு. நீ?”

“நாய்க்கு. இந்தா நிக்கானே, இவன் மிக்ஸிக்கு.”

“மிக்ஸிக்கா!” என்று தெருவே சிரித்தது. மிக்ஸிக்குப் போனவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முடுக்கன் தட்டிப் பார்த்தான். சாக்கில் குத்தின மாதிரி ‘பொத், பொத்’ என்றது. இறங்கிப் பட்டாணி அண்ணாச்சியிடம் ஓடினான்.

“அண்ணாச்சி, விசிலை நிறுத்துங்க.”

“உங்க ஆளுக ஒவ்வொருத்தனா வந்து கெஞ்சுததைப் பாத்து நானே பாதி மூச்சிலதான் ஊதுதேன்டே. அவ போடுத சத்தத்துக்கு அதுவே ஊருக்குக் கேக்கு. எனக்கு மேல அவ. நான் எப்படி நிறுத்த?”

“அவங்க காதுல யார் பேச முடியும்?”

அண்ணாச்சி தொங்கியபடியே யோசித்தார். “அவ வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஈரம்னு ஒருத்தி குடியிருக்கா. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நடுவுல ஒரு பொந்து உண்டு. அது வழியாப் பேசினா, கதவு வேண்டாம்.”

ஈரத்தின் வீட்டில் போய்ப் பார்த்தால், அவள் சுருண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டால் பாதிக் கண்ணைத் திறந்தாள்.

“ஈரக்கா, எந்திரிங்க. மேளக்காரர் கோலை வைக்கப் போறேங்காரு.”

“எனக்குக் கேக்காமலா இருக்கு? நானா எந்திரிக்க முடியாதுப்பா. அப்படி என்னைப் படைக்கலை. வெளியே இருந்து யாராவது இந்த ஊரைத் தொடணும். பிரியமாத் தொடணும். அப்பதான் எனக்குக் கையில காலுல உயிர் வரும்.”

“கடைசியா யார் தொட்டாங்க?”

“முடிவெட்டுதவன்” என்றாள் ஈரம். “அவன் தொட்டது சேர்த்தி இல்லை.” கண்ணை மூடிக்கொண்டாள்.

முடுக்கன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வேறு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை டீச்சர் ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் ஒரு தொட்டி. தொலைவில்தான் இருந்தது. குற்றாலிங்கத்தின் கால் மிதித்தது, கூடவே வாயும் திறந்தது. “கண்ணு தெரியலையா உங்களுக்கு? இத்தனை நாளா என்னத்தைப் படிச்சீங்க?”

டீச்சர் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்து குற்றாலிங்கத்தின் மடியில் வைத்தார்.

“சார், நானும் வேலையில இருந்த காலமெல்லாம் கத்தினவதான். கத்துனா பிள்ளைகளுக்கு நம்ம சத்தம்தான் கேக்கும், சொன்னது கேக்காது. நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க. நான் திங்கக்கிழமை வாரேன்.” இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரம்மசக்தி விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையில் யாரோ ஒரு தகரத்தைப் போட்டார்கள். மேசைக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு மிதி. குழம்புக் கிண்ணம் துள்ளியது.

“என்ன, சாப்பாட்டு மேசையில வண்டி ஓடுதாக்கும்?”

“பழக்கம்.”

“காலை எடுங்க.”

“எடுக்க முடியலை” என்றார். சொன்ன குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “நான் எடுத்தா எங்கேயோ போய் இடிச்சிரும்னு இருக்கு, பிரம்மு.”

அவள் அவரைப் பார்த்தாள். நாலடி தள்ளி நின்ற நாட்களில் கவனிக்காமல் விட்ட கண்வளையங்களைப் பார்த்தாள். பிறகு மேசைக்கடியில் தன் காலை நீட்டி, அவர் வலது பாதத்தின் மேல் வைத்தாள். மெட்டி குளிர்ச்சியாகப் பட்டது.

“சரி. நான் மிதிச்சிக்கிடுதேன். நீங்க விடுங்க.”

“உனக்கு லைசென்ஸ் இருக்கா?”

“இந்த வீட்ல பிரேக்கு எப்பவும் என் பக்கம்தான். இப்பதான் தெரியுமாக்கும்?”

குற்றாலிங்கம் சிரித்துவிட்டார். சோறு புரையேறியது. அவள் எழுந்திருக்காமலே எட்டி அவர் தலையைத் தட்டினாள்.

உள்ளே ஈரம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“யாரு வந்திருக்கா?” என்றாள். தலையைக் கோதி முடிந்துகொண்டு நேராகச் சுவர்ப் பொந்துக்குப் போனாள். அங்கே அவசரம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

“அவசரம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ.”

“எப்படிக்கா வாங்க? அனுப்பினவன் ஒருத்தன்கூட வரலை! எல்லாரையும் நான்தான் அனுப்பினேன். எந்தப் பள்ளத்துல கிடக்கானுவளோ, என்ன ஆனானுவளோ!”

ஈரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரெல்லாம் அவசரத்தைக் கோபக்காரி என்று பேசிக்கொண்டிருந்தது. அவள் கோபத்தில் கத்தவில்லை.

ஈரம் பொந்து வழியாகக் கையை விட்டு அவள் தோளைத் தொட்டாள். “கதவுல என்ன, சாக்கா?”

“ஆமா. தட்டுத சத்தம் தாங்கலைன்னு அன்னைக்கு நான்தான்…”

அவசரம் பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதால் வீடு அமைதியானது. அந்த அமைதியில், எங்கோ மிகத் தொலைவில் கேட்பதுபோல், ‘பொத், பொத், பொத்’ என்று கேட்டது.

அவள் எழுந்து போய் ஒரு கதவின் சாக்கை இழுத்தாள்.

“வந்துட்டேன்க்கா, போதும்!” என்று விழுந்தடித்து உள்ளே வந்தான் ஒருவன். அவன் மேல் இன்னொருவன். அவன் மேல் நாலு பேர். அவள் அடுத்த கதவைத் திறந்தாள். அடுத்ததை. எல்லாவற்றையும்.

“லாரிக்குப் போனவன்?”

“இங்க இருக்கேன்க்கா.”

“நாய்க்கு?”

“வந்து எத்தனையோ நாளாச்சிக்கா.”

“மிக்ஸிக்கு அனுப்பினேனே, அவன்?”

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. “வந்துட்டேன்க்கா. ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அவசரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டில் எதற்காகவும் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கீழே பட்டாணி அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஊதி ஊதி வாய் கோணிப் போயிருந்தது. தொப்பி மாமா பட்டறையைச் சாத்திவிட்டு ஆறிப்போன டீயை எடுத்தார். முடுக்கன்கள் பேசிக்கொண்டே, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, கல்லீரல் ஓடையை நோக்கி இறங்கிப் போனார்கள்.

ஊர் எல்லையில் ஆள் இல்லாததைப் பார்த்துத் தூக்கம் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான், கக்கத்தில் பாயோடு.

“மதிய நேரம். வரலாமா?” என்று மேளக்காரரிடம் கேட்டான்.

“ஏல, இங்க எவன் மணி பாக்கான்? வந்து கையைப் பிடி முதல்ல.”

மேளம் மெல்ல மெல்ல இறங்கியது. டும்… டும்… டும்.

குற்றாலிங்கம் கை கழுவாமலே, குழம்பு காய்ந்த விரல்களோடு, நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார். பிரம்மசக்தி தட்டை எடுத்து வைக்கலாம் என்று பார்த்தாள். கால் மாட்டிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை சொன்னபடி டீச்சர் வந்தார். வண்டி இலஞ்சி விலக்கில் திரும்பியபோது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சந்திலிருந்து சிக்னல் இல்லாமல் மூக்கை நீட்டியது.

“ஐயோ! அண்ணாச்சி! டிராக்டர்!” என்று அவசரம் கத்தினாள். கத்த வேண்டியதுதான். அது நிஜமான டிராக்டர்.

அண்ணாச்சி ஊதினார். மாமா திறந்தார். ஒரு முடுக்கன் “போயிட்டு வாரேன் மாமா” என்று கிளம்பினான்.

வெளியே கார் நின்றிருந்தது. குற்றாலிங்கம் குனிந்து பார்த்தார். தன் வலது கால் பிரேக்குக்கு மேலே, அதைத் தொடாமல், அந்தரத்தில் நின்றது. மிதித்திருந்தது டீச்சர்.

“பாத்துட்டேன் சார்” என்றார் டீச்சர். “பிரேக்கும் போட்டுட்டேன்.”

முடுக்கன் வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தான். செய்ய வேண்டியதைச் செய்தான். உச்சிக்கு ஏறினான். மூச்சு வாங்க நின்று, சொல்ல வேண்டியதை ஒருமுறை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கினான்.

தட்டத் தூக்கிய கைக்குக் கதவு அகப்படவில்லை; அது திறந்தே கிடந்தது.